வீட்டுக்குள் உறுமி: சப் ஊஃபரை ரசிப்பது எப்படி?

மாசி மகத்தன்று மலாக்காவில், செங் சன்னாசிமலைக் கோயிலுக்குக் காவடிகள் போகும் வழியில் நின்றவர்களுக்குத் தெரியும், உறுமி மேளம் நெருங்க நெருங்க நெஞ்சுக்கூடே அதிரும். அதே மேளத்தை வீட்டு ஸ்டீரியோவில் போட்டால் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது. ஐந்தங்குல ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. ஏறக்குறைய 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையுள்ள அந்த அடித்தளத்தை எடுத்துக் கொடுக்கத்தான் சப் ஊஃபர்.

தீபாவளி நேரத்தில் பெம்பான், ஜாசின் பக்கத்துத் தாமான்களில் ஒரு நடை போய் வாருங்கள். எந்த வீட்டில் சப் இருக்கிறதென்று தெருவிலிருந்தே சொல்லிவிடலாம். பாட்டு என்னவென்று மட்டும் சொல்ல முடியாது. ஆனால் சரியாகச் சேர்த்த சப் இருப்பதே தெரியாது. அணைத்துப் பார்த்தால்தான் பாட்டு இளைத்துப்போனது தெரியும்.

எதைக் கேட்பது?

முதலில் இளையராஜாவிடம் போங்கள். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வில் எல்லாரும் கிதாரைச் சொல்வார்கள். நீங்கள் அதற்கும் கீழே ஓடும் பேஸ் கிதாரைப் பிடியுங்கள். அது தாளத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்பதில்லை. தனக்கென்று ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகிறது. அந்த மெட்டை உங்களால் முணுமுணுக்க முடிந்தால் சப் ஒழுங்காக இருக்கிறது. எல்லாச் சுரமும் ஒரே ‘தும் தும்’ என்று விழுந்தால், நீங்கள் கேட்பது உங்கள் ஹாலின் சத்தம்.

அடுத்தது மிருதங்கம். தொப்பி என்னும் இடப்பக்கத்தில் ரவைப் பசை அப்புவதே அந்தப் பக்கத்தின் நாதம் கீழே இறங்கத்தான். வித்வான் உள்ளங்கையை அழுத்தி நகர்த்தும்போது ‘கும்’மென்று எழும்பி வழுக்கிக்கொண்டு போகும் கும்கியைக் கவனியுங்கள். சுருதி ஏறுவது காதுக்குப் பிடிபட வேண்டும். சப் கூடிப்போனால் ஏற்றம் மறைந்து வெறும் மொத்தல் மிஞ்சும்.

கடைசியாக உறுமி. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் உரசும்போது எழும் அந்த முனகலுக்குத் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. கை நின்றதும் ஒலியும் நிற்க வேண்டும். அடி முடிந்த பிறகும் அறை முனகிக்கொண்டிருந்தால் சப் வைத்த இடம் தவறு.

எங்கே வைப்பது?

பேஸ் கிதாரின் அடித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலியலை ஒன்றின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். இருபதடி அகலத் தெரஸ் வீடு ஆறு மீட்டர்தான். வீட்டின் அகலத்தைவிட நீளமான அலை செங்கல் சுவரில் மோதித் திரும்பி, தன்னோடு தானே கலக்கிறது. சில இடங்களில் ஒலி வீங்குகிறது, சில இடங்களில் காணாமலே போகிறது. தோட்டத்து லயங்களின் பலகைச் சுவர்கள் பேஸை வெளியே விட்டுவிடும். தாமான் வீட்டின் சுவரும் டைல்ஸ் தரையும் அதை உள்ளேயே உருட்டும்.

அதனால் இடத்தைக் காதை வைத்தே தேட வேண்டும். நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் சப்பைத் தூக்கி வையுங்கள். பேஸ் ஓடும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போங்கள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில், தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே சப்பை இறக்குங்கள். மூலையில் வைத்தால் சத்தம் கூடும். ஆனால் பெரும்பாலும் அங்கேதான் இரைச்சலும் கூடும்.

எப்படிச் சேர்ப்பது?

மூன்று திருகுகள்தான்.

கிராஸ்ஓவர் (ஸ்பீக்கர் விட்டதைச் சப் எடுத்துக்கொள்ளும் எல்லை): சிறிய ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஆளுயர ஸ்பீக்கர் என்றால் 50, 60 போதும். சோதிக்க மின்னல் எஃப்எம் செய்தி போதும். வாசிப்பவர் ஆணாக இருந்து, அவர் குரல் சப் இருக்கும் இடத்திலிருந்து வருவதுபோல் தோன்றினால், கிராஸ்ஓவர் அதிகம், இறக்குங்கள். ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதுக்குப் புலப்படுவது அரிது.

ஃபேஸ்: நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை விட்டு ஸ்விட்ச்சை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதுதான் சரி. மற்றதில் சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்கின்றன.

வால்யூம்: பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ‘இதோ சப்’ என்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் இறக்கிவிடுங்கள். நீங்கள் தினமும் கேட்கும் அளவில் பாட்டு ஓடும்போதே இதைச் செய்யுங்கள். சத்தம் குறைந்தால் காது முதலில் கைவிடுவது பேஸைத்தான். மெதுவாக ஓடவிட்டுச் சப்பைச் சரிசெய்தால், பாட்டைக் கூட்டும்போது வீடு இடிபடும்.

பிறகு பாட்டு ஓடும்போதே வீட்டைச் சுற்றி வாருங்கள். நாக்கோ ஜன்னல் கண்ணாடி, சாமி மேடை மணி, அலமாரிக் கதவு என்று எது கிடுகிடுக்கிறதோ அதை இறுக்குங்கள். பேஸில் அழுக்கு என்று நாம் நினைப்பதில் பாதி இந்தக் கிடுகிடுப்பு. காசு இருந்தால் ஒரு பெரிய சப்புக்குப் பதில் இரண்டு சிறியவை வாங்கி எதிரெதிரே வையுங்கள். ஹால் முழுக்க பேஸ் இன்னும் சமமாகப் பரவும்.

ஒன்றை மறக்க வேண்டாம். தெரஸ் வீட்டில் உங்கள் சுவர்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சுவர். கதவைச் சாத்தினாலும் பேஸ் தாண்டிப் போகும். அடியில் தடித்த ரப்பர் வைத்தால் தரை அதிர்வு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இரவு பத்துக்கு மேல் சப்பை அணைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் திரும்பப் போடும்போது, அது என்ன கொடுக்கிறதென்று உங்கள் காதுக்கே நன்றாகத் தெரியும்.