255 லிட்டர் மயக்கம்

1965-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கி, அதன் 289 கன அங்குல வி8 எஞ்சினிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கணினி சொல்படி கேட்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனைப் பொருத்துவது அமெரிக்காவின் பழைய கார் பிரியர்களிடையே இன்று சர்வசாதாரணம். அதைப் பொருத்தியதுமே பெட்ரோல் பம்புக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழும். பெரும்பாலோர் கையில் விடை தயாராக இருக்கிறது: மணிக்கு 255 லிட்டர் தள்ளும் மின்சாரப் பம்பு ஒன்றை வாங்கி, டேங்குக்குப் பக்கத்தில் வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டிவிடு. வால்ப்ரோ நிறுவனத்தின் பம்பால் பிரபலமான அந்த 255 என்ற எண், இப்போது கிட்டத்தட்ட மந்திரம்போல உச்சரிக்கப்படுகிறது. இந்த வழக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் பம்பின் பலத்தைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு அது உட்காரும் இடத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை என்பதே என் குறை.

முதலில், கழற்றி எறியப்படும் பழைய பம்புக்கு ஒரு மரியாதை செய்துவிடலாம். எஞ்சினின் முன்புறம், கேம்ஷாஃப்டோடு சுழலும் ஒரு துண்டு அதன் நெம்புகோலைத் தட்டும். நெம்புகோல் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை இழுக்கும். சவ்வைத் திரும்பத் தள்ளுவது ஒரு ஸ்பிரிங். 4 முதல் 6 பி.எஸ்.ஐ. வரையிலான அழுத்தத்தை நிர்ணயிப்பது அந்த ஸ்பிரிங்தான். கார்புரேட்டர் நிறைந்து ஊசி வால்வு மூடிக்கொண்டால் சவ்வு இழுபட்ட நிலையிலேயே நிற்கும், நெம்புகோல் வெறுமனே ஆடும். ரெகுலேட்டர் வேண்டாம், வயர் வேண்டாம். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். விபத்தில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

அதன் குறை வேறு. அது எஞ்சினின் சூட்டில் உட்கார்ந்துகொண்டு, வண்டியின் கடைக்கோடியில் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பெட்ரோலின் லேசான கூறுகளோ 40 டிகிரிக்கும் கீழேயே ஆவியாகத் தொடங்குபவை. பம்பு ஆவியை இழுத்துக்கொண்டு திணறும். நம்மூர் அம்பாசடர் டிரைவர்கள் கோடையில் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் இந்தத் தொல்லை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இன்ஜெக்‌ஷனுக்கு 58 பி.எஸ்.ஐ., அதாவது 4 பார் அழுத்தம் தேவை. பழைய பம்பால் அது ஆகாது. மின்சாரப் பம்பு தவிர்க்க முடியாதது. எவ்வளவு பெரியது என்பதில்தான் மயக்கம். 300 குதிரைத்திறன் தரும் எஞ்சின், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் மணிக்கு 70 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல் குடிக்கும். லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 92. அழுத்தம் ஏற ஏறப் பம்பின் கொள்ளளவு குறையும் என்பதற்காகவும், வோல்டேஜ் குறைவுக்காகவும் தாராளமாக ஒதுக்கினாலும் 150-ஐத் தாண்டத் தேவையில்லை.

“பெரிதாக இருந்தால் நல்லதுதானே” என்பார்கள். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது அந்த எஞ்சின் குடிப்பது மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து லிட்டர். மீதி 240 லிட்டரும் முன்னால் போய், எஞ்சின் சூட்டைத் தொட்டுவிட்டு, திரும்புகுழாய் வழியே டேங்குக்கே வருகிறது. மஸ்டாங்கின் டேங்க் ஏறத்தாழ 60 லிட்டர். அது கால்வாசியாக இருக்கும்போது உள்ளே உள்ள 15 லிட்டரும் மூன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சுற்றுப் போய் வருகிறது. டேங்க் முழுக்க வெந்நீராகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மதியம் நன்றாக ஓடிய வண்டி மாலை நெரிசலில் முனகி நிற்பதன் மர்மம் பலமுறை இதுதான். இதற்கு மலிவான மருந்தும் இருக்கிறது. 1999-க்குப் பிந்தைய கார்வெட் கார்களுக்காக வந்த பெட்ரோல் ஃபில்டருக்குள்ளேயே 58 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டர் அடங்கியிருக்கிறது. அதை டேங்கின் அருகிலேயே மாட்டினால் மிச்சப் பெட்ரோல் அங்கிருந்தே திரும்பிவிடும். எஞ்சின்வரை ஒரே குழாய் போதும். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

இனி வெளியே மாட்டும் பழக்கத்துக்கு வருவோம். டேங்கை இறக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், ஒரு சனிக்கிழமையில் வேலை முடியும். வழியில் பம்பு செத்தாலும் இரண்டு ஸ்பேனரோடு சாலையோரமே மாற்றிவிடலாம். இந்த வசதிகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உயர் அழுத்தப் பம்புகளுக்குத் தள்ளத் தெரியுமே தவிர உறிஞ்சத் தெரியாது. டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே, அதை ஒட்டியே இருந்தால் ஒழுங்காக ஓடும். ஒரு சாண் மேலே ஏற்றிவிட்டால் ஊளையிடத் தொடங்கும். அந்தச் சத்தம் பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகவே கேட்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் டேங்குக்குள் இருக்கிறது. பழைய டேங்கில் உறிஞ்சுகுழாயைச் சுற்றித் தடுப்பு எதுவும் இல்லை. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் குழாய் காற்றைக் குடிக்கும். கார்புரேட்டர் காலத்திலும் இது நடந்தது. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். கார்புரேட்டரின் கிண்ணத்தில் சில நொடிகளுக்கான பெட்ரோல் எப்போதும் கையிருப்பாக இருந்தது. இன்ஜெக்‌ஷனில் அந்தக் கிண்ணம் இல்லை. காற்று வந்த அடுத்த கணமே எஞ்சின் வெட்டும். நாற்பது வருடம் குறைசொல்ல முடியாமல் உழைத்த டேங்க் திடீரெனக் கெட்டுப்போனதுபோலத் தோன்றுவது இதனால்தான். வெளிப் பம்பை வைத்தே கார் விற்ற தொழிற்சாலைகளுக்கும் இது தெரிந்திருந்தது. இரண்டாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ-யில் ஃபோக்ஸ்வாகன், வெளிப் பம்புக்கு ஊட்டுவதற்கென்றே டேங்குக்குள் இன்னொரு சின்னப் பம்பு வைத்தது. கடையில் பம்பை மட்டும் வாங்கி மாட்டுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. ஓரிரு லிட்டர் கொள்ளும் சின்னத் தொட்டியை எஞ்சின் அருகே வைத்து, பழைய இயந்திரப் பம்பாலேயே அதை நிரப்பி, அதற்குள்ளிருந்து உயர் அழுத்தப் பம்பு எடுத்துக்கொள்வது. கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவரும் கெட்டிக்காரத்தனம். குளிர்ப் பிரதேசத்தில் நான் இதை எதிர்க்கமாட்டேன். வெயில் ஊரிலோ பெட்ரோலை எஞ்சின் அறையில் அடைத்துவைத்துச் சூடாக்குவதுதான் மிச்சம்.

டேங்குக்குள்ளேயே பம்பு இருக்கும் அமைப்புதான் என் தேர்வு. தடுப்போடு கூடிய புது டேங்குகளே மஸ்டாங்குக்குக் கிடைக்கின்றன. பெட்ரோலில் மூழ்கியிருப்பதால் பம்பு குளிர்ந்திருக்கும், சத்தமும் அடங்கும். இதிலும் பொறிகள் உண்டு. பம்பையும் மேல் தட்டையும் இணைக்கும் சில அங்குலக் குழாய்க்குச் சாதாரண இன்ஜெக்‌ஷன் ஹோஸைப் போட்டால், உள்ளே தாங்கும் அந்த ஹோஸ் வெளிப்புறமிருந்து ஊறிப் பிய்ந்துவிடும். மூழ்கவே செய்யப்பட்ட 30ஆர்10 வகைதான் வேண்டும். பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு ரப்பர். அடுத்து, 1970 வரையிலான மஸ்டாங்கில் டேங்கின் மேல்முகமே டிக்கியின் தரை. கூப்பே வகையில் டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவே இரும்புத் தடுப்பு கிடையாது, அட்டைதான். தட்டின் கேஸ்கெட் கசிந்தால் ஆவி நேரே பயணிகளிடம் வரும். பின் இருக்கைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தகடு அடிப்பதையும் இந்த வேலையின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

மின்சாரத்தில் ஒரே எச்சரிக்கை. பம்புக்கு மின்சாரத்தை இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் முனையிலிருந்து எடுக்காதீர்கள். அந்தக் கால ஃபோர்டில் காயிலுக்குப் போகும் இளஞ்சிவப்பு வயர், வோல்டேஜைக் குறைப்பதற்கென்றே போடப்பட்ட ரெசிஸ்டன்ஸ் வயர். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், நடுவில் ஃபியூஸ், ரிலே. மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றும் சேர்ந்தால், பழைய பம்பு சும்மாவே கொடுத்த பாதுகாப்பில் பாதியாவது திரும்பக் கிடைக்கும்.

கார்புரேட்டரையே வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு இந்த விவாதமே வேண்டியதில்லை. 14 பி.எஸ்.ஐ. தள்ளும் மின்சாரப் பம்பை வாங்கி, பிறகு அதை அடக்க ரெகுலேட்டரும் வாங்குவது வெட்டிச் செலவு. ரெகுலேட்டர் பிசகினால் ஊசி வால்வைத் தாண்டிப் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் வழியும். பழைய பம்புக்குப் புதுச் சவ்வு போடுங்கள். குழாயை எக்ஸாஸ்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளிக் கட்டுங்கள்.