தன்மை நோக்கும் பெயரில்லாத் தலைவனும்: தொடக்ககாலச் சுடுவிளையாட்டுகளையும் இன்றைய கணினி விளையாட்டுகளையும் ஒப்பிடும் ஒரு திறனாய்வு

முன்னுரை

கணினி விளையாட்டைத் தமிழியல் இதழொன்றில் திறனாய்வுப் பொருளாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் வாசகருக்கு எழுதல் இயல்பே. இவ்வையத்திற்கு விடையாக ஒரு வகுப்பறை அனுபவத்தைக் குறிப்பிட விரும்புகிறேன். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை வடபகுதியிலுள்ள கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் தமிழாசிரியர்களுக்கான பட்டறை ஒன்றை நடத்தியபோது, 'எனது பொழுதுபோக்கு' என்னும் தலைப்பில் மாணவர் எழுதிய கட்டுரைகள் என் பார்வைக்கு வைக்கப்பட்டன. பலர் நூல் வாசிப்பையும் தோட்டக் கலையையும் பற்றி எழுதியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் தான் விளையாடும் துப்பாக்கி விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தான். எந்தக் கதவுக்குப் பின்னால் எதிரி நிற்பான், ஒலியைக் கேட்டே அதனை எவ்வாறு அறிவது என்றெல்லாம் நுணுக்கமாக விளக்கியிருந்தான். ஆசிரியரோ கட்டுரையின் அடியில் 'நல்ல பொழுதுபோக்கைத் தேர்ந்தெடு' என்று எழுதித் திருப்பியிருந்தார்.

அன்று படித்த கட்டுரைகளுள் மாணவன் தானே கண்டு, தானே எண்ணி எழுதியது அது ஒன்றே என்பது என் கருத்து. நாம் வாசித்தறியாத ஒன்றைக் கண்டிக்கிறோம். மாணவரோ தாம் நன்கறிந்த ஒன்றைப் பேசுவதற்குத் தமிழில் சொல்லின்றி நிற்கின்றனர். இவ்விடைவெளியை ஓரளவேனும் குறைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் இலக்கணத்தின் அகம், புறம் என்னும் பாகுபாடு இதற்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. இவ்விளையாட்டுகளை உருவாக்கியோர் தொல்காப்பியம் அறிந்திருந்தனர் என்பது இங்கு வாதமன்று. நம்மிடமுள்ள அளவுகோல் புதிய பொருளையும் அளக்க வல்லதா என்பதே வினா.

தன்மை நோக்கு

ஆடுபவர் தம் கண்ணாலேயே விளையாட்டின் உலகைக் காண்பதுபோல் அமைந்து, திரையின் அடியில் கையும் ஆயுதமும் மட்டும் தெரியும் வகையை இக்கட்டுரை 'தன்மை நோக்குச் சுடுவிளையாட்டு' என்று குறிக்கும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இலக்கண வழக்கை ஒட்டியது இச்சொல். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி', 1993ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட 'டூம்', 1996ஆம் ஆண்டு வெளியிட்ட 'குவேக்' ஆகியவை இவ்வகைக்கு உருவம் தந்தன. 1998இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்' இவ்வகைக்குள் கதையைக் கொண்டுவந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு ஆர்வலர் இருவர் 1999இல் உருவாக்கிய 'கவுண்டர்-ஸ்டிரைக்' மறு ஆண்டே வணிகப் படைப்பாக வெளிவந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நம் நாட்டுச் சிறு பட்டணங்களின் சைபர் கஃபேக்களில் மாலை நேரங்களில் ஒலித்தது பெரும்பாலும் இவ்விளையாட்டின் வெடியோசையே. கெப்பாலா பத்தாஸும் இதற்கு விலக்கன்று.

நிலமும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது தமிழ் இலக்கணம். அகப்பாடலில் நிலம் வெறும் பின்புலமாக நிற்பதில்லை. உரிப்பொருளை உணர்த்தும் பொறுப்பும் அதற்குண்டு. 'டூம்' விளையாட்டில் நிலம் பெறும் இடமும் இத்தகையதே எனலாம்.

இவ்விளையாட்டில் கதையென்று கூறத்தக்கது மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு களமும் தனக்கெனப் பொருளுடையது. தரையின் உயரம் இடத்திற்கு இடம் மாறும். ஒளி குறைந்த அறை அச்சத்தை முன்கூட்டியே அறிவிக்கும். நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய நிறச் சாவிகளுக்கேற்ற கதவுகள் ஆடுபவரைச் சென்ற வழியே மீளச் செய்யும். ஒருமுறை கடந்த கூடத்திற்கு மீண்டும் வரும்போது அது முன்பு கண்ட கூடமாக இருப்பதில்லை; திறவாதிருந்த சுவர் திறந்திருக்கும். களத்தின் இறுதியில், வீழ்த்திய பகைவர், எடுத்த பொருள்கள், கண்டறிந்த மறைவிடங்கள் ஆகியவற்றின் விழுக்காடு காட்டப்படும். மறைவிடத்தை வெற்றியின் அளவைகளுள் ஒன்றாக்கியமை கருதத்தக்கது. நிலத்தைக் கூர்ந்து நோக்குவதும் போரைப் போன்றே மதிக்கப்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

இன்றைய பெருஞ்செலவுப் படைப்புகள் பலவற்றில் நிலத்தின் அழகு பன்மடங்கு உயர்ந்துள்ளது. நீரின் அசைவும் புழுதியின் எழுச்சியும் மெய்யெனத் தோன்றுகின்றன. ஆயினும் செல்ல வேண்டிய திசையைத் திரையிலுள்ள குறியொன்று சுட்டிக்கொண்டே இருக்கும்போது, ஆடுபவர் நிலத்தை நோக்காது குறியையே நோக்குகிறார். காயத்தின் பொருளும் மாறியுள்ளது. 'டூம்' விளையாட்டில் குறைந்த உடல்நலம் தானே மீளாது. மருந்துப் பெட்டியைத் தேடிச் செல்ல வேண்டும். எனவே ஒவ்வொரு காயமும் நிலத்தோடு தொடர்புடையதாயிற்று. 2005ஆம் ஆண்டின் 'கால் ஆஃப் டியூட்டி 2' முதலியவற்றில் சற்று மறைந்திருந்தாலே உடல் தேறிவிடும். இதனால் ஆட்டம் எளிதாயிற்று. நிலத்தைத் தேடும் தேவையோ குறைந்தது.

பெயரில்லாத் தலைவன்

அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரையறை. பெயரில்லாமையால்தான் தலைவியின் ஏக்கம் படிப்போர் எவர்க்கும் உரியதாகிறது. நெடுநல்வாடையில் வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டிவிட்டது என்பதால், உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அப்பாட்டை அகமெனக் கொள்ளாது புறமெனக் கொண்டமை நாம் அறிந்ததே. ஓர் அடையாளம் பாட்டின் திணையையே மாற்ற வல்லது.

'டூம்' விளையாட்டின் போர்வீரனுக்கும் பெயரில்லை. திரையின் அடியில் அவன் முகம் மட்டும் தெரியும். காயம் பட்டால் அதில் குருதி வழியும். அவன் பேசுவதில்லை. ஆடுபவர் அவ்விடத்தில் தம்மை வைத்துக்கொள்ளத் தடையேதுமில்லை. பொருளால் முற்றிலும் புறமாகிய இவ்விளையாட்டு, கூறுமுறையால் அகத்தின் இயல்பைப் பெற்றுள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. இதனைத் தொடக்ககால விளையாட்டுகள் அனைத்திற்கும் பொதுவிதியாக்குதல் பொருந்தாது. 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி' விளையாட்டின் வீரனுக்கு பிளாஸ்கோவிட்ஸ் என்னும் பெயருண்டு. 1996இன் 'டியூக் நூகெம் 3டி' விளையாட்டின் தலைவன் ஓயாது பேசுபவன். 'ஹாஃப்-லைஃப்' இடைநிலையில் நிற்கிறது. அதன் தலைவன் கார்டன் ஃபிரீமன் பெயருடையவன், ஆயினும் வாய் திறவாதவன்.

2007இல் வெளிவந்த 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' இதற்கு எதிர்நிலையில் உள்ளது. இதில் வீரர்களுக்குப் பெயரும் பதவியும் படைப்பிரிவும் உண்டு. உயரதிகாரியின் ஆணைப்படியே ஆட்டம் நகர்கிறது. புறப்பாடலில் அரசன் பெயர் பெறுவதுபோல் இங்கு வீரன் பெயர் பெறுவதில் குற்றமில்லை. எனினும் புறப்பாடலில் பாடுபவர் புலவர், நாம் கேட்போர். இவ்வகை விளையாட்டிலும் முக்கியமான நிகழ்வுகள் பல ஆடுபவரின் கையை மீறி நிகழ்கின்றன. கண் தன்மையிடத்தில் நிற்க, செயல் படர்க்கைக்குப் போய்விடுகிறது. இம்முரணே இன்றைய சுடுவிளையாட்டுகளின் முதன்மைக் குறை எனலாம்.

காஞ்சியின் வருகை

இதனால் பழையன யாவும் சிறந்தன என்று முடிவு கட்டுதல் நடுநிலையாகாது. இளமையில் ஆடியவற்றை உயர்த்திப் பேசுவது என் தலைமுறையினரின் இயல்பான பலவீனம். தொடக்ககாலச் சுடுவிளையாட்டுகள் வெட்சியும் உழிஞையும் தும்பையும் அறிந்தவை. எதிரணியின் கொடியைக் கவர்ந்து மீளும் ஆட்டமுறை, ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் நினைவூட்டும். ஆனால் அவை காஞ்சியை அறியா. தொல்காப்பியர் காஞ்சியை நிலையாமை உணர்த்தும் திணையாக வகுத்தார். 'டூம்' விளையாட்டில் இறப்பென்பது ஒரு பொத்தானை அழுத்தினால் நீங்குவது. வீழ்ந்த பகைவனுக்காக வருந்துவோர் அங்கு ஒருவருமில்லை.

'மாடர்ன் வார்ஃபேர்' படைப்பில் ஜாக்சன் என்னும் வீரனாக ஆடுபவர், அணுகுண்டு வெடிப்பில் வீழ்ந்த உலங்கூர்தியிலிருந்து தவழ்ந்து வெளிவருகிறார். என்ன செய்தாலும் அவன் பிழைப்பதில்லை. மேலே குறை என்று கூறிய அதே செயலின்மை இங்கு பொருளாகிறது. வலிமை முழுதும் பயனற்றுப் போவதை ஆடுபவர் தம் விரல்களிலேயே உணர்கிறார். சுடுவிளையாட்டில் காஞ்சி புகுந்த இடங்களுள் இதனைக் குறிப்பிடத்தக்கதாகக் கருதலாம். இப்பேறு இன்றைய காலத்திற்குரியது.

கொடையும் கட்டணமும்

விளையாட்டு ஆடுபவரைச் சென்றடையும் முறையும் ஒப்பிடத்தக்கது. 'டூம்' மூன்று பகுதிகளைக் கொண்டு வெளிவந்தது. முதற்பகுதி இலவசம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் தடையில்லை. எஞ்சியவற்றை விரும்பியோர் ஒருமுறை விலை கொடுத்துப் பெற்றனர். களங்களைப் பிறர் மாற்றியமைக்க ஏதுவாகக் கோப்புகள் அமைக்கப்பட்டன. 1997ஆம் ஆண்டு இறுதியில் மூலநிரலும் வெளியிடப்பட்டது. இன்றளவும் ஆர்வலர்கள் புதுக் களங்களை வகுத்து வருகின்றனர். மூலத்தைப் பெற்றவர் உரை வகுப்பதையும் கிளைக்கதை புனைவதையும் மரபாகக் கொண்ட நமக்கு இவ்வழக்கம் புதிதன்று.

இன்று பல விளையாட்டுகள் முழுமையாகவே இலவசம். ஆனால் பருவந்தோறும் புதிய உடையும் ஆயுத வண்ணமும் விற்கப்படுகின்றன. உள்ளிருப்பது என்னவென்று அறியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டமெனக் கருதி, பெல்ஜியம் 2018இல் நடவடிக்கை எடுத்தது. பெற்றோரும் ஆசிரியரும் குருதியைக் கண்டு அஞ்சுவதினும் இப்பெட்டியைக் கண்டு அஞ்சுதல் தகும். வன்முறை திரையில் வெளிப்படையாகத் தெரிவது. ஆகவே அதைப்பற்றிப் பேச இயலும். பெட்டியோ மாணவனின் சேமிப்பை ஓசையின்றிக் கரைப்பது.

சமையலறைக்கு வந்த விளையாட்டு

இன்றைய விளையாட்டுகளின் பரப்பு சுடுதலோடு நின்றுவிடவில்லை. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் குழு 2023ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா' இதற்குத் தக்க சான்று. தமிழகத்திலிருந்து 1980களில் கனடாவில் குடியேறிய குடும்பத்தின் கதை இது. வெண்பா என்னும் பெண் தன் தாயின் சமையற் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கிறாள். ஏட்டில் எழுத்துகள் அழிந்துள்ளன. விடுபட்டதை ஆடுபவரே உய்த்துணர வேண்டும். இட்டிலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது என்பதே முதற்புதிர். பின்னர், தமிழில் தடுமாறும் மகன் கவின் அதே ஏட்டைக் கையிலெடுக்கிறான். 2024ஆம் ஆண்டு பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் விளையாட்டு விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதை இது பெற்றது.

'டூம்' புறப்பொருளை அக முறையில் கூறியதெனின், 'வெண்பா' அன்பும் பிரிவுமாகிய அகப்பொருளைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. நெடுநல்வாடை பற்றிய பழைய வழக்கை இதன்மேலும் தொடரலாம். இவ்விரண்டும் ஒன்றுபடும் இடமும் உண்டு. மங்கிய ஏட்டையும் இருண்ட அறையையும் ஆடுபவரே கூர்ந்து நோக்கிப் பொருள் காண வேண்டும்; அவருக்காக வேறெவரும் கண்டு சொல்வதில்லை. சிறந்த விளையாட்டைப் பழமையோ புதுமையோ தீர்மானிப்பதில்லை, இவ்வியல்பே தீர்மானிக்கிறது என்று கருத இடமுண்டு.

முடிவுரை

தொடக்ககாலச் சுடுவிளையாட்டுகள் நிலத்தை முதன்மைப்படுத்தித் தலைவனைப் பெயரின்றி விட்டன. அதனால் ஆடுபவருக்கு முழு இடம் கிடைத்தது. பிற்காலத்தவை கதையையும் நிலையாமையுணர்வையும் கொண்டுவந்தன. ஆனால் அவ்விடத்தைப் பலபோது சுருக்கின. இவ்வேறுபாட்டை மாணவரோடு பேசத் தமிழாசிரியர் விளையாட்டில் தேர்ச்சி பெற வேண்டுவதில்லை. 'அந்த அறையில் ஒளி எப்படி இருந்தது? அவனுக்குப் பெயர் உண்டா? அவன் இறந்தபோது நீ என்ன செய்ய முடிந்தது?' என்னும் மூன்று வினாக்கள் போதும். முதற்பொருள், தலைமக்கள், காஞ்சி என்பவற்றை மாணவன் தன் அனுபவத்திலிருந்தே பெறுவான்.

அன்று திருப்பப்பட்ட அக்கட்டுரையில் எழுத்துப் பிழைகளும் சந்திப் பிழைகளும் இருந்தன. அவற்றைத் திருத்த வேண்டியது நம் கடமை. அவன் கதவுக்குப் பின்னால் கேட்ட ஒலியைப் பற்றி மேலும் இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்க வேண்டியதும் நம் கடமையே.