உருகிய உப்பும் உறைந்த உழைப்பும்

வெப்பத்தைச் சேமித்தல் பற்றிய பொறியியல் ஆய்வுகளை இலக்கிய மாணவர் நோக்கவேண்டிய தேவை யாது என்ற வினா எழலாம். சிலி நாட்டின் அற்றக்காமாப் பாலைவனம் அதற்கு விடை தருகின்றது.

அங்கு, மாரியா எலேனாப் பகுதியில், 2021 இல் திறக்கப்பெற்ற செரோ தொமினதோர் நிலையத்திலே 10,600 ஆடிகள் சூரியக் கதிர்களைக் கோபுர உச்சியிற் குவிக்கின்றன. உருகிய உப்பு ஏறத்தாழ 290 பாகை செல்சியசிலிருந்து 565 பாகை வரை சூடேறித் தாங்கியிற் சேர்கின்றது. இத்தகைய நிலையங்களிற் பெருவழக்கான கலவை 60 வீதம் சோடியம் நைத்திரேற்றும் 40 வீதம் பொற்றாசியம் நைத்திரேற்றும் கொண்டது. கதிரவன் மறைந்த பின்னரும் 17.5 மணித்தியாலம் 110 மெகாவாற்று மின்னைத் தரவல்லது இச்சேமிப்பு. நிலக்கரியை எரியாது இரவைக் கடக்கும் இவ்வாற்றல் உற்பத்திச் சக்திகளின் மெய்யான வளர்ச்சியாகும். இதனை எள்ளுவது முற்போக்காகாது.

ஆயினும் நைத்திரேற்றுக்கு வரலாறுண்டு. அவ்வுப்பை அகழ்ந்த தொழிலாளர் 1907 டிசெம்பர் 21 ஆந் திகதி இக்கிக்கே நகரின் சாந்த மரியாப் பாடசாலையிலே இராணுவத்தாற் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1913 இல் ஜேர்மனியின் ஒப்பாவுவில் வளிமண்டல நைதரசனிலிருந்து அமோனியா ஆக்கும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதன் விளைவாகக் காலப்போக்கிற் சிலியின் வெடியுப்பு நகரங்கள் பல பாழ்பட்டன. ஒரு தொழில்நுட்பத்தின் வெற்றி, மற்றோரிடத்தில் உழைப்பாளரின் வேலையின்மையாயிற்று.

பாப்லோ நெருடா 1945 இல் இவ்வட மாகாணங்களின் செனற்றராகத் தெரிவுசெய்யப்பட்டவர். 1950 இல் வெளிவந்த 'கன்ரோ ஜெனரல்' நூலின் ஒரு பகுதியில் உழைப்பாளர் தத்தம் பெயருடனும் ஊருடனும் தோன்றுகின்றனர். அவர்களுள் மார்கரித்தா நரன்ஹோ இதே மாரியா எலேனாவைச் சேர்ந்தவள். கணவன் பிசாகுவாத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட துயரில் மாண்ட அவள், இறந்தவளாகவே பேசுகின்றாள். மூலதனத்தை இறந்த உழைப்பு என்றார் மார்க்ஸ். அவ்விறந்த உழைப்புக்கு நெருடா வாய் தந்தார் எனலாம்.

நமது விமர்சகர் சிலர் நெருடாவை மேடை முழக்கமாகச் சுருக்கிவிட்டமை வருந்தத்தக்கது. பெயர், தொழில், இடம் ஆகியவற்றைப் பிசகாது குறிக்கும் அவரது யதார்த்தமே அவர்தம் ஆற்றலின் ஊற்று. அதேவேளை ஒரு வரையறையையும் சுட்டவேண்டும். தொக்கோபில்லாவில் வெடியுப்பை அள்ளுவோன் பற்றிய கவிதையிலே உப்பு உடலைத் தின்னும் நஞ்சாகவே வருகின்றது. அதனை ஆளும் மனிதத் திறன் பின்னொதுங்குகின்றது. அக்காலச் சுரண்டலின் கடுமை நோக்க இது வியப்பன்று.

பொறியியற் கட்டுரையோ இதன் மறுதலை. அங்கே வெப்பம் 'சேமிக்கப்படுகின்றது', உப்பு 'பெறப்படுகின்றது'. செயப்பாட்டு வினையில் எழுவாய் மறைந்துவிடுகின்றது. வெப்பவியக்கவியலை விளக்கும் ஆய்வாளரை இதற்காகக் குறைகூறுவது பொருந்தாது. அவ்வெண்களையே சமூக முன்னேற்றமென வாசகராகிய நாம் ஏற்கும்போதுதான் தவறு நிகழ்கின்றது.

எனவே இரு எழுத்துக்களையும் ஒருங்கே படித்தல் வேண்டும். எத்தனை மணித்தியாலம் சேமிக்கலாம் என்பதற்கு ஆய்வுகள் விடை கூறும். அவ்வெப்பம் யாருடைய உடைமை, உப்பை அகழ்வோர்க்கு அதிற் பங்கென்ன என்னும் வினாக்களை எழுப்புவது விமர்சனத்தின் கடன். மார்கரித்தா நரன்ஹோவின் ஊரிலேயே அக்கோபுரம் ஒளிர்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.