'ஃபுல்லி சிந்தெட்டிக்' என்ற இரண்டு வார்த்தை

வேகமான காருக்கு என்ன ஆயில் ஊற்றலாம் என்று யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நல்ல ஃபுல்லி சிந்தெட்டிக்கா பார்த்து ஊத்துங்க." சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் எந்தக் கேனை எடுப்பது என்று முடிவு செய்ய முடியாது. கேனின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் இந்த இரண்டு வார்த்தையை ஒரு விமர்சகன் பிரதியைப் படிப்பதுபோலப் படித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. அதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் 'சிந்தெட்டிக்' என்றால் என்ன? என்ஜின் ஆயிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய், மிச்சம் சேர்மானங்கள். அடிப்படை எண்ணெய்களை அமெரிக்காவின் ஏ.பி.ஐ. அமைப்பு ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறது. முதல் மூன்றும் பொதுவாகக் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை. நான்காவது, வேதியியல் முறையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டப்படும் பி.ஏ.ஓ. ஐந்தாவது, எஸ்டர் உள்ளிட்ட மற்றவை. ஒரு காலத்தில் சிந்தெட்டிக் என்றால் கடைசி இரண்டையும்தான் குறிக்கும்.

1990களின் பிற்பகுதியில் காஸ்ட்ரால் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் சின்டெக் ஆயிலில் பி.ஏ.ஓ.வை எடுத்துவிட்டு, கடுமையாக ஹைட்ரஜன் ஏற்றிச் சுத்திகரித்த மூன்றாம் பிரிவு எண்ணெயைப் போட்டது. கேனில் பெயர் மாறவில்லை. இது சிந்தெட்டிக்கே இல்லை என்று மொபில் விளம்பர ஒழுங்கு அமைப்பிடம் புகார் செய்தது. 1999-இல் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் மூன்றாம் பிரிவும் சிந்தெட்டிக்தான். ஜெர்மனியில் அந்தப் பேச்சு செல்லாது. அங்கே இதே எண்ணெயை 'எச்.சி. சிந்தசிஸ்' என்று தனிப் பெயரில் விற்கிறார்கள். ஆக ஒரே திரவம், எல்லையைத் தாண்டினால் வேறு பெயர்.

இதைப் படித்ததும் "அப்போ மூணாம் பிரிவு ஏமாத்து வேலை" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கத்தாரில் ஷெல் நிறுவனத்தின் பேர்ல் ஆலையில் இயற்கை வாயுவை உடைத்து, மறுபடி சேர்த்து எண்ணெய் தயாரிக்கிறார்கள். சொல்லின் நேர்ப்பொருளில் அது செயற்கைதான். ஆனால் அது வகைப்படுவது மூன்றாம் பிரிவில். அதனால் பிரிவு எண்ணை வைத்து நல்லது கெட்டது பிரிப்பதும் சரிப்பட்டு வராது. முன்பக்க வார்த்தை எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிப் பேசுகிறது, அதையும் அரைகுறையாக. என்ஜினுக்குள் அது என்ன செய்யும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அப்படியானால் சிந்தெட்டிக்கால் பயனே இல்லையா? நிச்சயம் உண்டு. 1992 செவ்ரலே கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் வந்த எல்.டி.1 என்ஜினுக்கு ஆலையிலேயே மொபில் 1 ஊற்றி அனுப்பினார்கள். அதோடு, அதுவரை இருந்த ஆயில் கூலரையும் எடுத்துவிட்டார்கள். சூட்டைத் தாங்கும் வேலையை ஆயிலே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. இப்படிப்பட்ட காரில் ஆயிலும் ஒரு உதிரி பாகம் மாதிரிதான். மலிவாகக் கிடைக்கிறதென்று சாதா மினரல் ஆயிலை ஊற்றினால், என்ஜின் வடிவமைப்பிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிப் போட்டதற்குச் சமம்.

இப்போது எண்களுக்கு வருவோம். 5டபிள்யூ-30 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பது சூடான பிறகு இருக்கும் கெட்டித்தன்மை. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்று சொல்வோம் இல்லையா, அதில் பாதிதான் உண்மை. சூடாகி ஓடும் என்ஜினில் ஆயில் சுமார் 100 டிகிரியில் இருக்கும். வெளியே 25 டிகிரியா 40 டிகிரியா என்பதைவிட நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதே அங்கே பெரிய விஷயம்.

ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்கு முக்கியமான எண் ஒன்று உண்டு. கேனின் முன்பக்கத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. எச்.டி.எச்.எஸ். என்பார்கள்: 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நடப்பதுபோன்ற கடும் உரசலில் மிஞ்சும் பிசுக்குமை. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஐரோப்பிய ஏ5/பி5 தரத்தில் வரும் 5டபிள்யூ-30 ஆயிலில் இந்த எண் 2.9 முதல் 3.5 வரைதான் இருக்க வேண்டும். சி3 தரத்தில் வரும் இன்னொரு 5டபிள்யூ-30 குறைந்தது 3.5 காட்ட வேண்டும். இரண்டு கேனிலும் முன்பக்கத்தில் ஒரே எண், இரண்டுமே 'ஃபுல்லி சிந்தெட்டிக்'. ஆனால் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்று போகும் கிராங்க் பேரிங்கில் இரண்டும் விட்டுவைக்கும் படலம் ஒன்றல்ல. பேரிங் போனால் என்ஜினே போச்சு.

கெட்டியாக இருந்தால் பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2007-இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்3 காரின் எட்டு சிலிண்டர் என்ஜின் 8,400 சுற்று வரை போகும். அதற்கு நிறுவனம் சொன்னது 10டபிள்யூ-60. அந்த என்ஜினின் கனெக்டிங் ராடு பேரிங் சீக்கிரம் தேய்வது பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. பேரிங் இடைவெளி குறைவு, அதில் இவ்வளவு கெட்டி ஆயில் போகாது என்பது ஒரு கட்சி. ஆயில் சூடாகும் முன்பே விரட்டுவதால் வந்த வினை என்பது இன்னொரு கட்சி. 2014-இல் டர்போவோடு வந்த அடுத்த எம்3-க்கு அதே நிறுவனம் 30 வகை ஆயிலுக்கு இறங்கி வந்தது. ஆயிலை இடைவெளி, ஆயில் பம்ப், கூலர் இவற்றோடு சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கேனைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு 'எது பெஸ்ட்' என்று கேட்டால் கேள்வியிலேயே கோளாறு.

மறுபடியும் கார்வெட். 2014 மாடலுக்குக் கையேடு சொன்னது: சாலைக்கு 5டபிள்யூ-30, டிராக்குக்கு 15டபிள்யூ-50. 2019 மாடலில் இரண்டுக்கும் ஒரே 0டபிள்யூ-40 என்று மாற்றிவிட்டார்கள். வார இறுதியில் டிராக்குக்குப் போகிறவர் இனி ஆயிலை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியதில்லை. இரண்டு கையேட்டிலும் சொன்னது சிந்தெட்டிக் ஆயில்தான். மாறியது எண்ணும் தர முத்திரையும்.

கடைசியாக, கேனின் பின்பக்கம். அசல் உரைநடை அங்கேதான் இருக்கிறது. 'போர்ஷே ஏ40 அங்கீகாரம் பெற்றது' என்பது ஒரு வாக்கியம். 'போர்ஷே ஏ40 தேவைப்படும் இடங்களில் பயன்படுத்த ஏற்றது' என்பது இன்னொன்று. முதலாவதில் கார் நிறுவனம் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இரண்டாவதில் பேசுவது ஆயில் விற்பவர் மட்டும். இரண்டாவது வகை ஆயிலும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் வாரண்டி என்று வரும்போது யாருடைய வார்த்தை நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு சுழலும் சக்கரத்தில் பேரிங்கை அழுத்திக் காட்டி "பாருங்க சார், நம்ம ஆயில்ல கீறலே விழல" என்பார்களே, அதையும் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். அது அதீத அழுத்தத்தைச் சோதிக்கும் முறை. கியர் எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் பொருந்தும். என்ஜின் பேரிங் ஆயில் படலத்தின்மேல் மிதந்து ஓடுகிறது. அந்த மேசையில் ஜெயித்த ஆயில் உங்கள் என்ஜினிலும் ஜெயிக்கும் என்று சொல்ல வழியில்லை.

நான் படிக்கும் வரிசை இதுதான். முதலில் காரின் கையேடு: எந்த முத்திரை, எந்த எண். அடுத்து கேனின் பின்பக்கம்: அந்த முத்திரைக்கு 'அங்கீகாரம்' உண்டா, 'ஏற்றது' மட்டும்தானா. டிராக்குக்குப் போவதாக இருந்தால் தயாரிப்பாளரின் தகவல் தாளில் எச்.டி.எச்.எஸ். எண். நேரடியாக பெட்ரோல் பீய்ச்சும் டர்போ என்ஜினாக இருந்தால், ஆயிலில் பெட்ரோல் கலந்து அது நீர்த்துப்போகும் என்பதால், கையேடு சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. இவ்வளவும் பார்த்து முடித்த பிறகு முன்பக்கத்தைப் பாருங்கள். இந்த மாதிரி கார்களுக்கான அங்கீகாரம் வாங்கிய கேனில் 'ஃபுல்லி சிந்தெட்டிக்' என்று அநேகமாக இருக்கத்தான் செய்யும்.