ஜப்பானியத்துக்கு மாறும் கைப்பேசி: கைகொடுப்பது எது, கைவிடுவது எது?

சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்ற பட்டப்பெயர் தொழிலால் வந்தது. அந்தத் தொழிலே ஒரு படிப்பில்தான் தொடங்கியது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தங்கி, தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். இன்று சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் ஜப்பானிய மொழி படிக்க நினைக்கும் இளைஞருக்கு, அந்த மொழி புழங்கும் இடத்தில் தங்கிக் கற்பது எளிதில் வாய்க்காது. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாடு, ஜப்பானில் முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட வேலைகளுக்கு வழிவிட்டிருக்கிறது. அதற்கு மொழித் தேர்வில் தேற வேண்டும். கைப்பேசியையே ஜப்பானியத்துக்கு மாற்றிவிட்டால் நாள் முழுக்க அந்த மொழியோடு இருக்கலாமே என்ற யோசனை இங்கேதான் வருகிறது.

அதில் நியாயம் இருக்கிறது. தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கேமரா 'கமேரா' என்றும், அலாரம் 'அராமு' என்றும், ஆப் 'அபுரி' என்றும், பிறமொழிச் சொற்களுக்கான கதகானா எழுத்தில் வரும். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் கவனம் முழுக்க எழுத்தில் நிற்கும். 46 அடிப்படை எழுத்துகளையும் கைக்குக் கொண்டுவர இதைவிட மலிவான பயிற்சி இல்லை.

சிக்கல் காஞ்சியில், அதாவது சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகளில், தொடங்குகிறது. அமைப்புகளைக் குறிக்கும் 'செத்தேய்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளில் ஒன்றை ஜப்பானியக் குழந்தைகள் 5-ஆம் வகுப்பிலும் மற்றதை 3-ஆம் வகுப்பிலும் படிக்கிறார்கள். 'நீக்கு' என்பதற்கான 'சகுஜோ'வில் ஓர் எழுத்து தொடக்கப்பள்ளிப் பாடத்திலேயே இல்லை. காஞ்சியைப் பார்த்த மாத்திரத்தில் உச்சரிக்க முடியாது. கைப்பேசியும் அதன் ஒலியைச் சொல்லித் தராது. சில நாளில் விரல் படத்தையும் இடத்தையும் பழகிக்கொள்ள, கண் வாசிப்பதை விட்டுவிடும்.

ஆபத்தும் உண்டு. புதிய செயலி ஒன்று கேமராவைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறது. 'கியோகா' என்றால் அனுமதி. 'கியோகா ஷினாய்' என்றால் மறுப்பு. இரண்டும் ஒரே காஞ்சிகளில்தான் தொடங்குகின்றன. மறுப்பு கடைசியில் வருகிறது. முன்பாதியை மட்டும் படித்துத் தட்டுகிறவர் நினைத்ததற்கு நேர்மாறாகச் செய்துவிடலாம். வெடி விபத்துச் சேதி எந்நேரமும் வரக்கூடிய பட்டாசு வட்டாரத்தில், வீட்டுக்கு ஒரே கைப்பேசி என்றால் அவசரத்தில் அம்மாவோ தம்பியோ எடுத்துத் தடுமாறும்படி விடக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை இறுதியில் வரும். வேற்றுமை உருபுபோல ஒட்டுச்சொல் பெயருக்குப் பின்னால் வரும். தமிழருக்கு இது பெரிய அனுகூலம். கைப்பேசிப் பட்டியலிலோ வாக்கியங்கள் அபூர்வம், பெரும்பாலும் தனிச்சொற்கள்தான். கேட்கும் பயிற்சியும் கிடைக்காது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடி-யின் தொடக்க நிலையான என்5-இல் 180 மதிப்பெண்ணில் 60 கேட்டலுக்கு. முதியவரின் படுக்கை அருகே நிற்கும் பராமரிப்பாளருக்கோ காதும் நாவும்தான் வேலை.

ஆகவே முழுக் கைப்பேசியையும் மாற்றுவதைவிடச் செயலி செயலியாக மாற்றுவதே மேல். ஐபோனில் 2019 முதலும் ஆண்ட்ராய்டில் 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பு முதலும் அதற்கு வசதி இருக்கிறது. கூகுள் மேப்ஸின் பேச்சு மொழியை மட்டும் மாற்றி, விஸ்வநத்தத்திலிருந்து சிவகாசி பேருந்து நிலையத்துக்கு வண்டியில் போகலாம். 'சன்ப்யாகு மெத்தோரு சகி, மிகி ஹோகோ தெஸ்' என்று குரல் வரும்: 300 மீட்டர் தள்ளி, வலப்பக்கம். தமிழின் வரிசையிலேயே வருவதால் இது சீக்கிரம் மனத்தில் நிற்கும். முழு மாற்றத்தை, என்5-க்கு அடுத்த என்4 நிலைக்குப் பிறகு, வாசிப்புப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.