மறுகணக்கில் வென்ற சிகிச்சை

இதயத் துடிப்பு மருத்துவர்களின் மாநாடுகளில் இப்போது மின்துடிப்பு அபிலேஷன்தான் பேச்சு. துடிப்பைக் குலைக்கும் இதயத் திசுவைச் சுட்டும் உறையவைத்தும் அழித்த வேலையை இனி கண நேர மின்துடிப்புகள் செய்துவிடுமாம். நேரம் மிச்சம், இதயத்தை ஒட்டிய உணவுக்குழாய்க்கும் ஆபத்து குறைவு. கருவியோடு எனக்கு வழக்கில்லை. அதைச் சாக்கிட்டுத் தலைதூக்கும் பழைய வாதத்தோடுதான்: அபிலேஷன் ஆயுளைக் கூட்டும், அபிலேஷனை மருந்தோடு ஒப்பிட்ட கபானா ஆய்வே அதற்குச் சாட்சி என்கிறார்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத் துடிப்புக்கான சிகிச்சைகள் பொய்யல்ல. 1987இல் ஜேம்ஸ் காக்ஸ் இதயத்தின் மேலறையை வெட்டித் தைத்துத் தொடங்கிவைத்த மேஸ் அறுவை, வால்வுக்காக நெஞ்சைத் திறக்கும்போது சேர்த்துச் செய்யத் தக்கது. கத்தீட்டர் அபிலேஷனால் படபடப்பு குறைகிறது. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட 2024ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வும் அதையே சொன்னது. இதயம் பலவீனமானவர்களில் இறப்பு குறைந்ததை 2018இல் காஸில்-ஏஎஃப் ஆய்வு காட்டியது. மற்றவர்கள்?

கபானா 2204 பேரை அபிலேஷன், மருந்து என இரு பிரிவாகக் குலுக்கிப் பிரித்தது. 2019இல் முடிவு வெளியானது. மரணம், முடக்கும் பக்கவாதம், கடும் இரத்தப்போக்கு, இதய நிறுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் அபிலேஷன் பிரிவில் 8.0 சதவீதம், மருந்துப் பிரிவில் 9.2. புள்ளியியல் இதை வித்தியாசமாகவே ஏற்காது. உடனே ஆதரவாளர்கள் எழுந்தார்கள்: மருந்துப் பிரிவில் கால்வாசிக்கு மேற்பட்டோர் இடையில் அபிலேஷனுக்குத் தாவிவிட்டார்களே, யார் எதைப் பெற்றார் என்று எண்ண வேண்டாமா? எண்ணினார்கள். 7.0, எதிரே 10.9. வெற்றி!

குலுக்கியது எதற்காக? தெம்பானவரும் தளர்ந்தவரும் இரு பக்கமும் சரிசமமாக விழத்தானே? அபிலேஷனுக்குக் குறிக்கப்பட்டவர் மேசைக்கு வருமுன் நோய் முற்றி விழுந்தால், இந்த மறுகணக்கில் அவர் அபிலேஷன் பெறாதவர். அந்த இழப்பு மருந்தின் தலையில். மருந்துப் பிரிவிலிருந்து தாவியவரோ அதுவரை பிழைத்திருந்தவர், சிகிச்சையைத் தாங்குவார் என்று ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தவர். கபடியில் அவுட்டானவர்களை எதிரணிப் பட்டியலில் எழுதிக்கொண்டு கோப்பை கேட்பது போன்றது இது. தாவியவர்களால் உண்மைப் பலன் மங்கியிருக்கலாம் என்பது ஊகம். அதற்குத் தீர்வு இன்னொரு ஆய்வு, இந்தக் கூட்டல் கழித்தல் அல்ல. மருந்து தோற்று, அதன் ஆதரவாளர்கள் இதே மறுகணக்கைப் போட்டிருந்தால் இவர்கள் ஒரு நிமிடம் பொறுத்திருப்பார்களா?

ஆயுள் கூடும் என்று மேடையில் பேசுபவரின் மருந்துச்சீட்டையும் பாருங்கள். பக்கவாத அபாயம் உள்ளவருக்கு, அபிலேஷனால் ஈசிஜி சீரான பின்னும், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை அவர் நிறுத்துவதில்லை.