கம்பி கழற்றும் கை

பேலியகொடையில் பஸ் ஏறி, களனிப் பாலம் தாண்டி, வோர்ட் பிளேஸ் தேசிய பல் வைத்தியசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தாய்மார் கம்பி பூட்டுவதைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னை மயக்குவது அதைக் கழற்றும் கை.

பல்லின் மேலுறையான எனாமலில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். அதைக் கட்டிய கலங்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடும். சுரண்டினால் திரும்ப வளராது. 1955இல் மைக்கல் புவோனகோர், பொஸ்பொரிக் அமிலத்தால் எனாமலைச் சற்றே அரித்தால் பசை இறங்கிப் பிடிக்கும் என்று காட்டினார். கம்பியைத் தாங்கும் பிரக்கெட் இன்றும் பல்லில் நிற்பது அந்தப் பிடியில்தான்.

ஆகவே தேர்ந்த வைத்தியர் இழுப்பதில்லை. குறடால் பிரக்கெட்டின் சிறகுகளை நெரிப்பார். அடித்தகடு வளைந்து 'டிக்' என்று விடும். பசை பல்லிலேயே தங்குவதுதான் நல்லது. பசையோடு பெயர்ந்தால் எனாமலும் சேர்ந்து போகலாம். செரமிக் பிரக்கெட் வளையாது, அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

அதன்பிறகு வருவதே அழகு. ஈரத்தில் பசையும் பல்லும் ஒரே நிறம். காற்றூதிக் காயவைத்தால் பசை மங்கும், எனாமல் மினுங்கும். அந்த வித்தியாசத்தை மட்டும் நம்பி, டங்ஸ்டன் கார்பைட் பர் என்ற சுழல்முனையை மெல்லச் சுழலவிட்டு, தொட்டும் எடுத்தும், பல் சூடேறாமல் வழிப்பார். "நாக்கால தடவிப் பாருங்கோ" என்பார். கரடு தட்டினால் மறுபடி ஒரு தொடுகை. கடைசியில் பியூமிஸ் மெருகு, பல் நகராமல் பிடிக்கும் ரிடெய்னருக்கு அளவு.